கடலூரிலிருந்து ஏற்காடு ஒரே நாளில்: இருட்டில் கிளம்புங்கள், வெளிச்சத்தில் மலையிறங்குங்கள்

மஞ்சக்குப்பத்திலிருந்து சொந்தக் காரில் ஐந்து பேர், அதில் மூட்டுவலி உள்ள அம்மா, ஆறு வயதுப் பையன். லீவு ஒரே நாள், ராத்தங்க முடியாது. ஏற்காட்டில் எல்லா இடத்தையும் பார்த்துவிட்டு அன்றிரவே வீடு திரும்ப முடியுமா, ஸ்வெட்டர் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

போய்வர முடியும். எல்லா இடத்தையும் பார்க்க முடியாது, பார்க்க முயலவும் வேண்டாம். நான் திருப்பாதிரிப்புலியூர்க்காரன், சேலத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் அவர்களைக் கூட்டிக்கொண்டு மலையேறியது என் வேலையாகவே இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஒருநாள் பயணம் கெட்டுப்போவது ஏதோ ஒரு இடத்தைப் பார்க்காமல் விட்டதால் இல்லை. வண்டி ஓட்டுகிறவர் களைத்துப்போவதாலும், மலையிறங்க நேரமாகிவிடுவதாலும்தான். அதனால் முதலில் அவரைப் பற்றிப் பேசிவிட்டு அப்புறம் இடங்களுக்கு வருகிறேன்.

கணக்கு இதுதான். கடலூரிலிருந்து சேலம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர், சேலத்திலிருந்து மலைக்கு மேல் இன்னொரு 30. போக வர 460 கிலோமீட்டர். நின்று நிதானமாகப் போனால் ஒரு பக்கம் ஐந்தரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை 4 மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்கு மேலே இருப்பீர்கள். மாலை 4 மணிக்கு இறங்க ஆரம்பித்தால் இரவு 10 மணிவாக்கில் வீடு. நடுவில் கிடைப்பது ஆறரை மணி நேரம், அதில் சாப்பாட்டுக்கு ஒரு மணி, வண்டி நிறுத்த இடம் தேடுவதில் முக்கால் மணி போனால் கையில் நிற்பது நாலே முக்கால். அதில் மூன்று இடங்களை உட்கார்ந்து பார்க்கலாம், இல்லையென்றால் பத்து இடங்களில் கார்க் கதவைத் திறந்து மூடலாம். மூட்டுவலிக்காரருக்கு ஏறி இறங்குவதுதான் கஷ்டம், உட்கார்ந்திருப்பது இல்லை. எனவே மூன்று போதும்.

ஓட்டப்போவது நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், தயவுசெய்து ஒரு ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வண்டி ஓட்டத் தெரிந்த மச்சானையோ சித்தப்பா மகனையோ சேர்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்த ஒரே ஆள் மலைப்பாதையிலும் ஓட்டி, இரவு ஒன்பது மணிக்கு உளுந்தூர்பேட்டையில் எதிர் வண்டி வெளிச்சத்தில் கண் கூசிக்கொண்டு ஓட்டுவது சரியில்லை. காசு பார்க்க வேண்டிய இடம் இது இல்லை.

வழி. கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி, மடப்பட்டு. அங்கே திருச்சி நெடுஞ்சாலையில் ஏறி உளுந்தூர்பேட்டை, அப்புறம் மேற்கே திரும்பித் தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர், வாழப்பாடி. புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள் விழுப்புரம் போய் இதே நெடுஞ்சாலையைப் பிடிப்பார்கள். நெய்வேலி, விருத்தாசலம், வேப்பூர் வழியாகச் சின்னசேலத்தில் போய்ச் சேரும் சாலையும் இருக்கிறது, பகலில் அது பரவாயில்லை, ஆனால் இருட்டில் குடும்பத்தோடு போகும்போது எனக்குப் பண்ருட்டி வழிதான் பிடிக்கும். உளுந்தூர்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவில் வீரசோழபுரம், நத்தக்கரை, மேட்டுப்பட்டி என மூன்று சுங்கச்சாவடிகள். பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். பெண்கள் கழிப்பறைக்கு நிறுத்துவதற்கும் அந்தச் சுங்கச்சாவடிகளே தோதான இடம்.

இந்தச் சாலையில் ஒரு எச்சரிக்கை. நான்குவழிச் சாலைதான், ஆனால் ஊர்களைச் சுற்றிப்போகும் புறவழிச்சாலைகளைப் பல இடங்களில் இருவழியாகவே போட்டார்கள். அகலப்படுத்தும் வேலை நடந்து வந்தாலும், நூறில் வந்துகொண்டிருந்த வண்டி திடீரென்று எதிர்வண்டிக்கு முகம் கொடுக்கும் இடங்கள் அவை. எத்தனையோ குடும்பங்கள் அங்கே ஆட்களை இழந்திருக்கின்றன. ஊர்ப்பெயர்ப் பலகை கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறையுங்கள், அங்கே முந்த வேண்டாம்.

நல்ல விஷயம் ஒன்றும் உண்டு. காலையில் மேற்கே போகிறீர்கள், மாலையில் கிழக்கே வருகிறீர்கள். இரண்டு முறையும் சூரியன் முதுகுப்பக்கம், கண்ணில் அடிக்காது. கள்ளக்குறிச்சி தாண்டியதும் வலதுபக்கம் கல்வராயன் மலை தெரிய ஆரம்பிக்கும், விடியற்காலை வெளிச்சம் நேராக அதன்மேல் விழும். தூங்கிக்கொண்டிருக்கும் பையனை அப்போது எழுப்புங்கள். கடற்கரை ஊர்ப் பிள்ளைக்கு மலை முதலில் தொலைவில் நீலமாகத் தெரிய வேண்டும், கண்முன்னே அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக வேண்டும். ஆத்தூரில் வசிஷ்ட நதியைத் தாண்டும்போது, இந்தத் தண்ணீர்தான் வெள்ளாற்றில் சேர்ந்து நம் பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது என்று அவனிடம் சொல்லுங்கள். என் அண்ணன் மகளுக்கு இதைச் சொன்ன பிறகு அவள் ஒவ்வொரு பாலத்திலும் "இதுவும் நம்ம ஊருக்கு வருதா சித்தப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

காலை டிபனை ஆத்தூரில் முடியுங்கள். பையனுக்கு இரண்டு இட்லி போதும், பூரி, பொங்கல், பால் வேண்டாம். மலை ஏற ஆரம்பிப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் இடைவெளி கிடைத்துவிடும், வாந்தி பாதி அதிலேயே குறையும். உடம்பு வளைந்து வளைந்து போவதைக் காது உணர்கிறது, ஆனால் கண் காருக்குள்ளேயே நிற்கிறது, அந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் வருகிறது. அதனால் செல்போனை வாங்கி வைத்துவிட்டு, வெளியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். முன்பு காரில் வாந்தி எடுத்திருக்கிறான் என்றால் குழந்தை மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள்.

ஆத்தூருக்கும் வாழப்பாடிக்கும் நடுவில், பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் முத்துமலை முருகன் சிலை சாலையிலிருந்தே தெரியும். 146 அடி உயரம், மலேசியா பத்துமலை முருகனைவிட 6 அடி அதிகம், 2022 ஏப்ரலில் குடமுழுக்கு ஆனது. அம்மா கட்டாயம் இறங்கிக் கும்பிட வேண்டும் என்பார். கும்பிடட்டும், ஆனால் போகும்போது வேண்டாம், அங்கே முக்கால் மணி நேரம் போய்விடும். திரும்பும்போது வெளிச்சம் இருந்தால் நிறுத்துங்கள்.

இப்போது மலை. மேலே ஏற இரண்டு பாதை. ஒன்று சேலத்துக்குள் போய் அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏறும் முக்கியப் பாதை, 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும், பையன் எண்ணிக்கொண்டே வரலாம். இன்னொன்று சேலத்துக்கு முன்பே அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏறுவது. இது குறுகலான பாதை, வண்டி குறைவு. என் வழக்கம்: அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்குவேன். காலையில் எட்டு மணி வாக்கில் சேலம் நகரத்தைச் சமாளித்துவிடலாம், மாலையில் அதற்குள் போனால் ஒரு மணி நேரம் மாட்டிக்கொள்வீர்கள். குப்பனூர் வழி நேராக ஆத்தூர் சாலையில் கொண்டுவந்து விட்டுவிடும். ஆனால் அது வெளிச்சத்தில் மட்டும் போக வேண்டிய பாதை. ஐந்து மணிக்கு மேல் ஆகிவிட்டால், நகர நெரிசலைப் பொறுத்துக்கொண்டு முக்கியப் பாதையிலேயே இறங்குங்கள். பலத்த மழைக்குப் பிறகு மண் சரிந்து ஏதாவது ஒரு பாதையை அடைத்திருப்பார்கள், மேலே இருக்கும் டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

நம் கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு மேடு என்றாலே மேம்பாலம்தான். ஏறுவதைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள், ஆபத்து இறங்குவதில்தான் இருக்கிறது. நான் சேலத்துக்குப் போன புதிதில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, நாலாவது கியரிலேயே பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி இறங்கினேன். பாதி மலையில் கருகிய வாசனை வந்தது, பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. ஒரு வளைவுக்கு முன்னால் அகலமான இடத்தில் கை பிரேக்கையும் சேர்த்து இழுத்து எப்படியோ நிறுத்தினேன். பின்னால் வந்த லாரி டிரைவர் இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "ஏறுன கியர்லயே எறங்கணும் தம்பி, பிரேக்க மட்டும் நம்பாத" என்றார். அரைமணி நேரம் ஆறவிட்டுத்தான் கிளம்பினோம். அப்பா வீடு வரும்வரை பேசவில்லை. பிரேக்கை விடாமல் பிடித்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும், உள்ளே இருக்கும் பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதித்தாலும் அழுத்தம் போகாது. இரண்டாவது கியரில் வண்டியைக் கட்டுப்படுத்தி, வளைவுக்கு முன்னால் மட்டும் விட்டு விட்டு மிதியுங்கள். நியூட்ரலில் போட்டுப் பெட்ரோல், டீசல் மிச்சம் பிடிக்கவே கூடாது. வளைவில் ஹாரன் அடியுங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள், பஸ் வந்தால் அது முழுதாகத் திரும்பும்வரை நில்லுங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

மேலே போனதும் எல்லாரும் செய்வது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுப் படகுக்கு வரிசையில் நிற்பது. நீங்கள் ஏரியைத் தாண்டி நேராகச் சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள். கூட்டம் அங்கே போய்ச் சேர்வதற்குள் நீங்கள் போயிருக்க வேண்டும். இந்த மலைக்கே பெயர் கொடுத்த கோயில் அது. ஏற்காடு ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரம், கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டருக்கும் கொஞ்சம் மேல். மொட்டையான பரந்த மேடு, காற்று சும்மா அடித்துக்கொண்டே இருக்கும். கோயில் ஒரு குகை, சேர்வராயனும் காவேரி அம்மனும் உள்ளே. குனிந்துதான் போக வேண்டும், அம்மாவுக்கு முடியாது என்றால் வாசலில் நின்று கும்பிடலாம். இந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று அந்தப் பக்கத்தில் நம்பிக்கை. மே மாதத்தில் திருவிழா, மலை முழுக்க இருக்கும் ஊர்க்காரர்கள் வந்து கூடுவார்கள். அவர்கள் மலையாளிப் பழங்குடியினர், கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை, மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று வழிவழியாகச் சொல்வார்கள். காலையில் வழியில் பார்த்த கல்வராயன் மலையில் இருப்பதும் இதே மக்கள்தான். அவர்கள் கோயில் அது, சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகும் வேன்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மேட்டில் ஒரு துணியை விரித்து அம்மாவை உட்கார வையுங்கள். பையன் ஓடட்டும். ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். ஏற்காட்டில் எனக்குத் தெரிந்து அவசரமில்லாமல் இருக்கக்கூடிய இடம் அதுதான்.

அடுத்து பகோடா பாயிண்ட். கல்லை அடுக்கடுக்காகக் கூம்பு மாதிரி வைத்திருப்பார்கள், நடுவில் சின்ன ராமர் கோயில், கீழே காக்கம்பாடி கிராமமும் பள்ளத்தாக்கும் தெரியும். வண்டி பக்கத்திலேயே போகும், அம்மாவுக்குத் தோது. மிளகாய் பஜ்ஜி சூடாகக் கிடைக்கும், குளிர்காற்றில் நின்று அதைச் சாப்பிடாமல் வராதீர்கள். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது என் யோசனை, புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் மதியம் வரை தாங்கும், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரிப்பக்க ஓட்டல்களில் இடத்துக்கே ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். வாழை இலையில் கட்டுங்கள், பிளாஸ்டிக் தட்டும் கப்பும் வேண்டாம், மலையில் தடை.

இந்த இரண்டு இடத்துக்கும் போகும் வழியெல்லாம் காப்பித் தோட்டம். மூன்றாவது இடமாக நான் சொல்வதே அந்தச் சாலைகளைத்தான். தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், சாலையோரம் நின்று பார்த்தாலே போதும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில்தான் இங்கே காப்பி வந்தது. செடி ஆள் உயரம், மேலே நிழலுக்குச் சில்வர் ஓக் மரம், அந்த மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி. மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று விழுந்த சில நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும், இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் போனால் சிவப்புப் பழமாகப் பார்க்கலாம், களத்தில் காயப்போட்டிருப்பார்கள். தினமும் காலையில் குடிக்கும் காப்பி இந்தப் பழத்துக்குள் இருக்கும் கொட்டை என்பதை நேரில் பார்த்த பிள்ளைகளின் முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏரியை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டரை மணிக்கு மேல் நேரம் இருந்தால் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறைக்குப் போங்கள், வரிசை நீளமாக இருந்தால் பக்கத்தில் அண்ணா பூங்காவில் பையனை விடுங்கள். லேடிஸ் சீட்டிலிருந்து சேலம் நகரம் முழுக்கத் தெரியும், வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணைத் தண்ணீர்கூடத் தெரியும். ஆனால் அங்கே எல்லாரும் சொல்வது இரவு விளக்கு வெளிச்சத்தைத்தான். ராத்தங்குகிறவர்களுக்கு அது சரி. அந்த விளக்குகளுக்காக ஏழு மணி வரை நின்றீர்கள் என்றால் கடலூருக்கு இரவு ஒரு மணிக்குத்தான் போவீர்கள்.

கிளியூர் அருவிக்கு உங்கள் குடும்பத்தோடு போக வேண்டாம். ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே விழுகிறது, 300 அடி அருவி, ஆனால் நிறையப் படிகள் இறங்கி ஏற வேண்டும், அம்மாவால் முடியாது. கோடையில் தண்ணீரே இருக்காது. மழைக்காலத்துக்குப் பிறகு நண்பர்களோடு தனியாக வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். கரடி குகை, ரோஜாத் தோட்டம் இவற்றையெல்லாம் விட்டதற்காக வருத்தப்பட்ட ஒருவரையும் எனக்குத் தெரியாது. வரலாறு பிடிக்கும் என்றால் போகிற போக்கில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தைப் பாருங்கள். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியை முதலில் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட் ஓய்வுக்காலத்தில் இந்த ஊரில்தான் வாழ்ந்தார், அவருடைய நினைவிடம் அந்தத் தேவாலயத்தில் இருக்கிறது.

புதுச்சேரி நண்பர்களுக்கு ஒன்று. பாட்டில்களை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டுவது குற்றம், வண்டியையே பிடித்து வைத்துவிடுவார்கள். அதைவிட முக்கியம், உச்சியில் உடைத்துப் போட்ட கண்ணாடித் துண்டில் காட்டெருமையும் ஆடும் மாடும் காலை வெட்டிக்கொள்கின்றன. காட்டெருமை சாலையோரம் நின்றால் செல்பிக்காக இறங்காதீர்கள், அது தானாக விலகும்வரை வண்டிக்குள் இருங்கள்.

எந்த நாள் போவது? முடிந்தால் செவ்வாய், புதன். மே மாதக் கோடை விழா, காணும் பொங்கல், மூன்று நாள் சேர்ந்த விடுமுறை இவற்றில் ஒருநாள் பயணம் வேண்டாம், ஏறுவதற்கே அரைநாள் போய்விடும். ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் எனக்குப் பிடித்த காலம், மழை ஓய்ந்து வானம் தெளிவாக இருக்கும். நவம்பரில் நம் ஊரில் புயல் சின்னம் என்று கேள்விப்பட்டால் தள்ளிப்போட்டுவிடுங்கள்.

வாங்குவதற்கு மிளகும் காப்பித்தூளும் போதும். மிளகைக் கையில் அள்ளிப் பாருங்கள், கனமாக, சுருக்கம் விழுந்து கருப்பாக இருக்க வேண்டும். காப்பித்தூளில் சிக்கரி எவ்வளவு என்று கேட்டு, உங்கள் எதிரில் அரைத்துத் தரும் கடையில் வாங்குங்கள். பலாப்பழம் வேண்டாம், வரும் வழியில் பண்ருட்டி இருக்கிறது.

நாலு மணிக்கு அம்மாவை வண்டியில் ஏற்றிவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு இடம்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார், நீங்கள் முடியாது என்று சொல்ல வேண்டும். ஆறரைக்கு ஆத்தூரில் சாப்பாடு, சாப்பிட்டதும் ஓட்டுகிறவர் சீட்டைச் சாய்த்து இருபது நிமிஷம் கண்ணை மூடட்டும், மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டு வெளியே நிற்கட்டும்.

ஸ்வெட்டர் கேட்டிருந்தீர்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் ஆறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வெப்பம் குறையும், எனவே கடலூரில் 38 டிகிரி என்றால் ஏற்காட்டில் 28, 29 இருக்கும். மே மாதத்தில் பகலில் தேவையே இல்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் அம்மாவுக்கும் பையனுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், சேர்வராயன் மேட்டுக் காற்றுக்கு அம்மா காதை மூட ஒரு துண்டும். குடை எந்த மாதமானாலும் வேண்டும்.